மூன்றாம் தொட்டித் தண்ணீர்

மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்த்துவிட்டு, "எங்களுக்குப் பொண்ண ரொம்பப் புடிச்சிருக்கு" என்று சொன்னால், புதுக்கொக்கிரகுளத்தில் யாரும் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. இடது காதைப் பார்ப்பார்கள். காது மடலின் மேல் புளியங்கொட்டை அளவில் ஒட்டியிருக்கும் நம்புமானியில் பச்சை நிறத்தில் ஓர் எண் ஒளிரும். தொண்ணூறுக்கு மேல் என்றால் இரண்டாவது சுற்றுக் காபி வரும். முப்பத்தொன்று என்றால் பெண்ணின் தாயார் காலித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். இரு தரப்புக்கும் மனத்தாங்கல் கிடையாது.

ஒரு வாக்கியம் பேசப்பட்டால், சொன்னவரும் கேட்டவரும் அதை நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறார்கள் என்று மூளையை மோப்பம் பிடித்துக் காட்டுவதுதான் நம்புமானியின் வேலை. ஐந்து வயதில் காது குத்தும்போதே பொருத்திவிடுவார்கள். அரசியல்வாதிகள் மட்டும் தொடக்கத்தில் முணுமுணுத்தார்கள். பிறகு மேடையில் காதை மூடித் தலைப்பாகை கட்டிக்கொள்ளும் பழைய நாகரிகம் திரும்பி வந்தது. அத்துடன் அந்த எதிர்ப்பு அடங்கிவிட்டது.

ஊர் எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லையே. வியாழனைச் சுற்றும் காலிஸ்டோ நிலவில், பனிப்பாறைக்கு அடியில், நாற்பது ஆள் ஆழத்தில் இருக்கிறது. நூற்றுப்பத்து ஆண்டுகளுக்கு முன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போன குடும்பங்கள் அமைத்த குடியிருப்பு அது. இப்போது ஆறாயிரம் பேர். காற்று, வெளிச்சம், உணவு எல்லாம் இயந்திரம் தருகிறது. சண்டையை மட்டும் அவர்களே உற்பத்தி செய்துகொள்கிறார்கள். அடுத்தவன் நம்பவில்லை என்பது முன்பெல்லாம் ஊகமாகத்தான் தெரியும். இப்போது எண்ணாகவே தெரிந்தது. அதனால் சண்டை குறையவில்லை, நீண்டது.

இதைப் பார்த்துக் கவலைப்பட்ட கல்லூரி, 'வாதமும் ஆய்வும்' என்றொரு கட்டாயப் பாடத்தை வைத்தது. மாணவர் ஒரு கருத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். தேட வேண்டும், சான்று திரட்ட வேண்டும், மறுப்புக்கு மறுமொழி சொல்ல வேண்டும். கடைசியில், சான்றை மட்டும் காட்டி, யாராவது ஒரு மனிதரின் நம்புமானியைப் பத்துப் புள்ளி நகர்த்திவிட்டால் தேர்ச்சி. ஒரே ஒரு மனிதர் போதும்.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. பிள்ளைகள் அதை இன்னும் சுலபமாக்கிக்கொண்டார்கள். யாருக்கும் அக்கறையில்லாத விஷயமாகப் பார்த்து எடுத்தார்கள். அங்கே படித்த இசக்கி என்ற மாணவியின் தோழி ஆவுடை, 'எட்டாம் சுரங்கத்தின் திருகாணிகள் இடப்பக்கம் சற்றுக் கூடுதலாகத் தேய்கின்றன' என்ற தலைப்பில் நூற்றிருபது பக்கம் எழுதினாள். கேட்டவர்களுக்கு அதில் நம்பிக்கையும் இல்லை, அவநம்பிக்கையும் இல்லை. எண் ஐம்பதில் நின்றது. பாவம், பிள்ளை கஷ்டப்பட்டிருக்கிறதே என்ற இரக்கத்தில் அறுபத்துமூன்றுக்கு வந்தது. ஆவுடை முதல் வகுப்பில் தேறினாள்.

இசக்கிக்கு அந்தச் சூட்சுமம் கடைசிவரை பிடிபடவில்லை. மனிதர்கள் உண்மையிலேயே அடித்துக்கொள்கிற விஷயமாகப் பார்த்துத்தான் கை வைப்பாள். இரண்டு முறை தோற்றுவிட்டாள். மூன்றாம் முறையும் தோற்றால் கல்லூரியிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் சேர வேண்டும் என்று பதின்மூன்று வயதிலிருந்து அவளுக்கு ஆசை. அதற்குப் பட்டம் வேண்டும். பட்டம் இல்லையென்றால் அப்பாவோடு பொதுச் சமையல்கூடத்தில் அல்வா கிண்ட வேண்டியதுதான். அப்பா சுடலைமுத்து தலைமை அல்வா மாஸ்டர். மகள் இரண்டாம் முறை தோற்ற அன்றே அவளுடைய உயரத்துக்கு அளவெடுத்து ஒரு துடுப்பு செய்யச் சொல்லிவிட்டார். அன்பாகத்தான் செய்தார். அதைப் பார்த்து இசக்கி அழுதாள்.

"இந்த மட்டமாவது ஆருக்கும் வேண்டாத சவமாப் பாத்து எடுட்டி" என்று ஆவுடை கெஞ்சினாள். "ஒம்பதாம் சுரங்கத்துத் திருகாணிய ஒருத்தரும் இன்னும் தொடல."

இசக்கி மூன்றாம் தொட்டியைத் தொட்டாள்.

ஊரில் ஐந்து தண்ணீர்த் தொட்டிகள். ஐந்திலும் குடிதண்ணீர்தான். ஆனால் சனங்கள் வரிசை கட்டி நிற்பது மூன்றாம் தொட்டியில் மட்டும். முதன்முதலில் வந்தவர்கள் தாமிரபரணியிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து அந்தத் தொட்டியில்தான் ஊற்றினார்களாம். அதனால் அதன் ருசி தனியாம். அல்வாவுக்கு அந்தத் தண்ணீர்தான். காபிக்கு அதுதான். குழந்தைக்குப் பால் கரைக்க அதுதான். மற்ற நான்கு தொட்டிகளின் அருகில் யாராவது குடத்தோடு நின்றால், அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று ஊர் பேசிக்கொள்ளும்.

'மூன்றாம் தொட்டித் தண்ணீரில் தனியாக எதுவும் இல்லை.' இதுதான் இசக்கியின் கருத்து. எண்களைக் குழப்பமில்லாமல் குறிப்பதற்காக, எல்லோரிடமும் 'மூன்றாம் தொட்டித் தண்ணீர் தனி' என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்லி அளந்தாள். இசக்கியின் சொந்த எண் ஆறு. அப்பாவின் எண் எண்பத்தெட்டு.

ஒவ்வொரு மாணவருக்கும் கல்லூரி ஒரு மறுப்பு ரோபோவைக் கொடுக்கும். என்ன சொன்னாலும் "ஏன்?", "யார் பார்த்தது?", "எத்தனை முறை?" என்று நடுவில் புகுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. பிள்ளைகள் அதற்குக் குறுக்குச்சால் என்று பெயர் வைத்திருந்தார்கள். இரண்டு அடி உயரம், சக்கரக் கால், சுத்தமான எழுத்துத் தமிழ். அதற்கும் ஒரு நம்புமானி உண்டு. சான்றைக் காட்டினால் மறுநொடியே எண் மாறிவிடும். அதனாலேயே அதன் எண் தேர்வுக்குச் செல்லாது. இப்படி அநியாயத்துக்கு ஒத்துக்கொள்ளும் ஒன்றை மனிதக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது?

இசக்கி ஆவணக்கூடத்தில் இரண்டு மாதம் கிடந்தாள். ஐந்து தொட்டிகளுக்கும் ஒரே சுத்திகரிப்பானிலிருந்து, ஒரே குழாயில் தண்ணீர் வருவதைக் காட்டும் பழைய வரைபடத்தைக் கண்டுபிடித்தாள். அந்த நீர் ஊரார் வெளியேற்றிய நீர்தான் என்பதையும் நாகரிகமாக ஓர் அடிக்குறிப்பில் சொன்னாள். தாமிரபரணிச் செம்பு வந்ததற்கு எந்தப் பயணிகள் பட்டியலிலும், எந்தச் சாமான் பட்டியலிலும் பதிவில்லை. வந்திருந்தாலும், ஒரு செம்புத் தண்ணீர் நூற்றுப்பத்து ஆண்டுகளில் ஆறாயிரம் பேர் வயிற்றில் எத்தனை முறை சுற்றியிருக்கும் என்று கணக்குப் போட்டும் வைத்தாள்.

பிறகு குறுக்குச்சாலை இழுத்துக்கொண்டு ஊருக்குள் இறங்கினாள். நாற்பத்தொரு பேரிடம் காட்டினாள். முதல் ஆள் அவளுடைய அப்பா.

சுடலைமுத்து வரைபடத்தை மூக்கருகே பிடித்துப் பார்த்தார்.

"இத ஆரு வரைஞ்சா?"

"தொட்டி கட்டுன பொறியாளருப்பா."

"அவரு அல்வா கிண்டியிருக்காரா?"

"இல்ல."

"பொறவு எப்படி அவருக்குத் தெரியும்?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பினார். காதில் எண்பத்தெட்டு இருந்த இடத்தில் தொண்ணூற்றேழு ஒளிர்ந்தது. இவ்வளவு படித்த பிள்ளை இவ்வளவு பாடுபட்டு மறுக்க வேண்டியிருக்கிறது என்றால், அந்தத் தண்ணீரில் அவ்வளவு விஷயம் இருக்கிறது என்று அவர் மனம் சொல்லியிருக்க வேண்டும்.

மற்ற நாற்பது பேரிடமும் இதே கதைதான். எண்பதில் இருந்தவர் தொண்ணூற்றுமூன்றுக்குப் போனார். ஐயமாகவே எழுபதில் காலம் தள்ளிய ஓர் அம்மாள் அடிக்குறிப்பைப் படித்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு நேரே மூன்றாம் தொட்டி வரிசையில் போய் நின்றாள். வேறு எந்த மாணவராக இருந்தாலும் இந்த எண்களைக் குப்பையில் போட்டிருப்பார்கள். ஆய்வில் நமக்குப் பிடிக்காத எண்ணைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று குறுக்குச்சால் சொல்லியிருந்தது. இசக்கி பல்லைக் கடித்துக்கொண்டு நாற்பத்தொன்றையும் எழுதினாள். சராசரி பன்னிரண்டு புள்ளி ஏற்றம்.

"நாசமாப் போச்சு" என்றாள்.

"ஒரு சந்தேகம்" என்றது குறுக்குச்சால். "நீங்கள் குழாயைப் படித்தீர்கள். மனிதர்களைக் கேட்டீர்கள். தண்ணீரைக் குடித்துப் பார்த்தீர்களா?"

"ஒரே குழாய்லதான வருது. குடிச்சு என்னத்தப் பாக்க?"

"எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ருசி. அதை நீங்கள் சோதிக்கவில்லை. சோதிக்காததை மறுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். பக்கம் நாற்பத்தேழு."

இசக்கிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எரிச்சலை அடக்கிக்கொண்டு ஐந்து தொட்டிகளிலிருந்தும் ஐந்து தம்ளர்களில் தண்ணீர் பிடித்துவந்தாள். அவளைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுக் குறுக்குச்சால் தம்ளர்களை இடம் மாற்றியது. ஒவ்வொன்றாகக் குடித்து, நன்றாக இருப்பதைக் காட்ட வேண்டும்.

அவள் காட்டியது மூன்றாம் தொட்டித் தம்ளரை.

மறுபடியும் மாற்றச் சொன்னாள். மூன்று. இன்னொரு தடவை. மூன்று. வயிறு ஊதிப்போகும்வரை பத்து தடவை குடித்தாள். பத்திலும் மூன்றாம் தொட்டித் தண்ணீர்தான் இனித்தது. மற்ற நான்கிலும் லேசாக ரப்பர் வாடை அடித்தது.

அடுத்த இரண்டு வாரமும் இசக்கி சரியாகச் சாப்பிடவில்லை. தொட்டிகளின் நீர்மட்டப் பதிவுகளை எடுத்துவைத்துப் புரட்டினாள். காரணம் பதினான்காம் நாள் அகப்பட்டது. மிகவும் சாதாரணமான காரணம். எல்லோரும் வரிசை கட்டி அள்ளுவதால் மூன்றாம் தொட்டி ஒரு நாளைக்கு இரண்டு முறை காலியாகி நிறைகிறது. அதில் எப்போதும் புதுத் தண்ணீர். யாரும் அதிகம் தொடாத மற்ற தொட்டிகளில் தண்ணீர் ஒன்பது நாள், பத்து நாள் தேங்கிக் கிடக்கிறது. உள்பூச்சின் வாடை அதில் இறங்கிவிடுகிறது. மூன்றாம் தொட்டித் தண்ணீர் தனி என்று சனங்கள் நம்பினார்கள். நம்பியதால் அள்ளினார்கள். அள்ளியதால் அது உண்மையிலேயே தனியாகிவிட்டது.

"ஒருமுறை சொல்லுங்கள்" என்றது குறுக்குச்சால்.

"மூணாம் தொட்டித் தண்ணி தனி" என்றாள் இசக்கி.

குறுக்குச்சால் பிடித்த சின்னக் கண்ணாடியில் பார்த்தாள். எண்பத்திரண்டு.

முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு ஒரு சந்தோஷம் அடி வயிற்றிலிருந்து கிளம்பியது. சான்று ஒரு மனிதரின் எண்ணை எழுபத்தாறு புள்ளி நகர்த்திவிட்டது! யாராவது ஒரு மனிதர் போதும் என்றுதானே விதி? தானும் ஒரு மனிதர்தானே? அவள் ஓடிப்போய் முதலில் சொன்னது அப்பாவிடம்தான்.

"யப்பா, நீங்க சொன்னதுதான் சரி. அந்தத் தண்ணி தனிதான்."

சுடலைமுத்து துடுப்பை நிறுத்தினார். முகமெல்லாம் மலர்ந்தது. "பாத்தியா! செம்புத் தண்ணிக்க மகிமை."

"செம்பு இல்லப்பா. நாம எல்லாரும் அதுலயே அள்ளுதோம்லா, அதனால தண்ணி தேங்க மாட்டேங்கு. நாளைக்கே எல்லாரும் அஞ்சாம் தொட்டியில அள்ளுனா அதுவும் இப்படியே இனிக்கும்."

"கோட்டி புடிச்சிருச்சாட்டி ஒனக்கு?" என்றார் அப்பா. அவர் எண் தொண்ணூற்றெட்டு ஆனது.

வாய்மொழித் தேர்வில் மூன்று பேராசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் பிச்சையா பழுத்த அறிஞர். நல்ல மனிதர். முப்பது ஆண்டுகளாக வாதக்கலை சொல்லிக்கொடுக்கிறார். அந்த முப்பது ஆண்டுகளில் யாரிடமும் ஒரு வாதத்தில்கூடத் தோற்றதில்லை என்று அவரே சொல்லுவார். இசக்கி தன் ஆய்வை நடந்தது நடந்தபடி சொன்னாள். ஆறு, எண்பத்திரண்டு என்ற இரண்டு எண்களையும் திரையில் காட்டினாள்.

"ஆறுலேர்ந்து எண்பத்திரெண்டா?" என்றார் பிச்சையா. "சண்டை போட்டியா? யாராவது மிரட்டுனாங்களா? கல்யாணம் ஏதும்?"

"இல்லய்யா. சான்றப் பாத்தேன்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பழுதுநீக்கியைக் கூப்பிட்டார்கள். நம்புமானிகளைச் சீர்செய்யும் இயந்திரம் அது. இசக்கியின் காதைச் சோதித்துவிட்டு, தயாரிப்பாளரின் கையேட்டிலிருந்து உரக்கப் படித்தது. "சான்றைப் பார்த்தபின் எண் ஐம்பதைக் கடந்து மறுபக்கம் போனால், கருவி பழுது. இதுவரை அவ்வாறு நிகழ்ந்ததற்கு வேறு விளக்கம் பதிவாகவில்லை. உடனே மாற்றவும்."

மாற்றினார்கள். புதிய கருவியிலும் எண்பத்திரண்டு. இன்னொன்றைப் பொருத்தினார்கள். அதிலும் எண்பத்திரண்டு.

"புதிய இரண்டும் ஒரே பெட்டியில் வந்தவை" என்றது பழுதுநீக்கி. "பெட்டியே பழுதாக இருக்க வேண்டும்."

"நான் அதை மறுக்கிறேன்" என்று தொடங்கிய குறுக்குச்சாலை, ரோபோவின் சாட்சியம் செல்லாது என்று உட்கார வைத்தார்கள்.

"அய்யா, கருவியில பழுது இல்ல. நான் மாறிட்டேன்" என்றாள் இசக்கி. "அது நடக்கக் கூடாதா?"

"நடக்கலாம்மா. நடந்ததில்ல, அவ்வளவுதான்" என்று பரிவோடு சொல்லிவிட்டு, பிச்சையா அந்த இரண்டு எண்களையும் சிவப்பு மையால் அடித்தார். ஒரே ஒரு மனிதர் போதும் என்றார்கள்; அந்த ஒரு மனிதரையும் அடித்துவிட்டார்கள். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் கண்ணெதிரே கரைந்துபோவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிச்சையா இறுதிக் கையெழுத்துக்காகத் தாளைப் புரட்டினார். புரட்டியவர் நின்றுவிட்டார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"இது என்ன, நாப்பத்தொரு பேரு?"

"அது தோத்த கணக்குய்யா. சான்றக் காட்டக் காட்ட அவ்வோ எல்லாருக்கும் எண் ஏறிப்போச்சு."

"எவ்வளவு?"

"சராசரி பன்னிரெண்டு."

"பத்து இருந்தா போதுமே!" என்றார் பிச்சையா. "எதுக்கு ஏறுச்சு? மூணாம் தொட்டித் தண்ணி தனிங்கதுக்கு. இப்ப உன் கருத்து என்ன?"

"மூணாம் தொட்டித் தண்ணி தனிங்கதுதான். ஆனா..."

"நீ சொல்லுத கருத்துக்கு நாப்பத்தொரு பேரோட நம்பிக்கைய ஏத்தியிருக்க. சான்ற மட்டும் காட்டி ஏத்தியிருக்க. இந்தக் கல்லூரியில ஒருத்தரும் ரெண்டு பேரத் தாண்டுனதில்ல."

"அய்யா, அந்தச் சான்று அத மறுக்கதுக்குக் கொண்டுபோனது! அவ்வோ அத நம்பாமத்தான் ஏறுச்சு!"

"ஏறுச்சா, ஏறலையா?"

"ஏறுச்சு..."

"பொறவென்ன?"

"நான் கருத்து மாறுனதையே நீங்க ஒத்துக்கலையேய்யா. பழுதுன்னு அடிச்சிட்டிகளே. அப்ப என் கருத்து பழசுதானே?"

"அந்த எண்ண விட்டுத்தள்ளும்மா. நீதான் வாயால சொல்லுதியே, அது போதும்" என்றார் பிச்சையா. நம்புமானி வந்த நாளிலிருந்து அந்த ஊரில் ஒருவரும் இன்னொருவரிடம் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

இசக்கி கல்லூரியின் வரலாற்றிலேயே மிக உயர்ந்த மதிப்பெண்ணோடு தேறினாள். பட்டம் கிடைத்தது, பரிசோதனைக் கூடத்தில் இடமும் கிடைத்தது. சுடலைமுத்து ஊர் முழுக்க அல்வா கொடுத்தார். அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த ஆண்டுப் பாடத்திட்டத்தில் 'இசக்கி முறை' என்று ஒரு புதிய பாடம் சேர்ந்தது. ஊராரை எதை உறுதியாக நம்பவைக்க வேண்டுமோ, அதற்கு எதிரான தக்க சான்றுகளோடு ஒரு மாணவரை அனுப்புவது. ஊர் நிர்வாகக் குழு அதை உடனே பயன்படுத்தத் தொடங்கியது. சனங்களின் நம்பிக்கைகள் கிடுகிடுவென்று தொண்ணூறுகளில் போய் நின்றன. நிர்வாகம் இவ்வளவு சுலபமாக நடந்ததே இல்லை என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

இசக்கிக்கு அவமானமாக இருந்தது. பரிசோதனைக் கூடத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு, தன் பெயரிலான அந்த முறை ஏன் தவறு என்று ஒன்பது பக்கம் எழுதினாள். அளவீடுகள், அட்டவணைகள், எதிர்த்தரப்பின் வலுவான வாதம், அதற்கு மறுமொழி என்று எதையும் விடவில்லை. குறுக்குச்சால் படித்துவிட்டு, குறை காண எதுவும் இல்லை என்று முதன்முறையாக ஒத்துக்கொண்டது. இந்த ஒன்பது பக்கத்தைப் படித்தால் பிச்சையாவே வருத்தப்பட்டுப் பாடத்தை நீக்கிவிடுவார் என்று அவள் மனதார நம்பினாள்.

அவர் நாற்காலிக்கு எதிரே நின்றுகொண்டு, அவர் படிப்பதைப் பார்த்தாள். 'இசக்கி முறை சரியானது' என்ற வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அவர் முதல் பக்கத்தைத் தொடங்கியபோது காதில் எழுபத்தொன்று இருந்தது. இரண்டாம் பக்கத்தில் எழுபத்தெட்டு ஆனது. அட்டவணைகள் வந்த பக்கத்தில் எண்பத்தொன்பது. அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தார். சில இடங்களில் பாராட்டித் தலையசைத்தார். ஒன்பதாம் பக்கத்தை முடித்தபோது எண் தொண்ணூற்றொன்பதில் நின்றது.

மேசை இழுப்பறையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து, காதைத் திருப்பி அவரும் அதைப் பார்த்தார். பெருமிதத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அருமையா எழுதியிருக்கம்மா" என்றார். "ஒண்ணுதான் குறையுது. பத்தாவது பக்கம் ஒண்ணு எழுதிக் கொண்டா, நூறு ஆயிரும்."